எத்தனை குதிரைத் திறன் போதும்?

ஐந்தோ பத்தோ ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கப் புறப்பட்டால், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவர் கண்ணில் படுபவை பெரும்பாலும் நான்கைந்து பெயர்கள்தான். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவான சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 ஒன்று. ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் உருவான ஃபோர்டு 8என் இன்னொன்று. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1947இல் தொடங்கி 1979 வரை விடாமல் செய்துவந்த ஃபார்மால் கப் வண்டியும், அலிஸ்-சால்மர்ஸ் 1948 முதல் 1955 வரை அலபாமாவின் காட்ஸ்டனில் செய்த ‘ஜி’ வண்டியும் அடுத்து வரும். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் குதிரைத் திறன், எடை, தூக்கும் சக்தி, உதிரிபாக விலை என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது எங்கே நிறுத்திக்கொள்வது என்று சொல்லாது; பத்து குதிரைத் திறனைவிட இருபது மேல், இருபதைவிட நாற்பது மேல் என்று ஏறிக்கொண்டே போகும். போதும் என்ற சொல்லை எந்த இடத்தில் சொல்வது என்பது எஞ்சினியரின் கேள்வி இல்லை, அறவியலின் கேள்வி. என் வாதம் இதுதான்: சிறு நிலத்துக்கு ஒரு டிராக்டர் ஏற்றதா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வேலையில் மனிதருக்குரிய பங்கை அது அவரிடமே விட்டுவைக்கிறதா என்பது ஒன்று. அது செய்வதற்கெல்லாம் அவரால் பொறுப்பேற்க முடிகிறதா என்பது மற்றொன்று. பழைய வண்டிகள் இந்தச் சோதனையில் பல இடங்களில் தேறுகின்றன, சில இடங்களில் படுமோசமாகத் தோற்கின்றன.

இதை மதக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவின் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவு மக்கள். பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் மாவட்டத்தில் வாழும் பழைய ஒழுங்கு ஆமிஷ் உழவர் டிராக்டரைக் கொட்டகை அருகே நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி வேலை வாங்கலாம். வயலுக்குள் இறக்கக் கூடாது. வயலில் இழுப்பவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும். அந்தக் கழுதைகள் இழுத்துச் செல்லும் வைக்கோல் கட்டும் கருவியின் மேல் மட்டும் ஓர் எஞ்சின் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கும்! அதே மாவட்டத்தில் வாழும் க்ராஃப்டேல் பிரிவு மென்னனைட்டுகள் டிராக்டரை வயலில் ஓட்டுகிறார்கள், ஆனால் ரப்பர் டயர் கூடாது, இரும்புச் சக்கரம்தான். கான்சஸ் மாநிலத்தின் ஹேவன் பகுதி ஆமிஷ் சபையோ வயலுக்கும் டிராக்டரை அனுமதித்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை முரண்பாடுகளின் மூட்டையாகத் தெரியும். கோடு எங்கே விழுந்தது என்பதை விட்டுவிட்டு, எதைக் கேட்டு அந்தக் கோட்டைப் போட்டார்கள் என்று பார்த்தால் முரண்பாடு கரைகிறது. ரப்பர் டயர் போட்ட டிராக்டர் சாலை ஏறும். சாலை ஏறினால் காருக்குப் பதில் ஓடும். குடும்பங்கள் தொலைவுக்குச் சிதறும். வயலுக்குள் டிராக்டர் வந்தால் ஒருவரே அதிக நிலத்தை உழுவார், பண்ணை பெருகும், அறுவடைக்குப் பக்கத்து வீட்டாரை அழைக்கும் தேவை குறையும். ஆகவே டிராக்டர் பாவமா புண்ணியமா என்ற விசாரணைக்கே அவர்கள் போகவில்லை. இந்தக் கருவி நம்மை என்னவாக ஆக்கும் என்று கேட்டார்கள். அவர்களுடைய சபைக் கட்டுப்பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தனிமனிதர் தம் மனச்சாட்சிப்படி முடிவெடுக்க அங்கே இடம் மிகக் குறைவு. அவர்களது அதிகாரத்தை ஏற்காமலே அவர்களது கேள்வியை ஏற்கலாம்.

அந்தக் கேள்விக்குத் தத்துவ வடிவம் கொடுத்தவர் கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசாமி. சென்னையில் கணேஷ் அண்டு கோ வெளியிட்ட ‘ஆர்ட் அண்டு ஸ்வதேசி’ நூலில் அவர் கருவியையும் இயந்திரத்தையும் வேறுபடுத்துகிறார். கம்பளம் நெய்யும் தறி ஒரு கருவி: அது பாவு நூலை இழுத்துப் பிடித்துக்கொடுக்கும், நெசவாளரின் விரல்கள் வேலை செய்யும். விசைத்தறி ஓர் இயந்திரம்: அது வேலையின் மனிதப் பங்கையே எடுத்துக்கொள்ளும். 1973இல் வந்த ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலின் பௌத்தப் பொருளியல் அத்தியாயத்தில் ஈ.எஃப். ஷூமாக்கர் இந்த வேறுபாட்டைத் தான் நிற்கும் தூணாகவே பயன்படுத்துகிறார். அதே அத்தியாயத்தில் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவையும் துணைக்கு அழைக்கிறார். உழவுக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால் முதலில் ஒன்று தெளிவாகிறது. கலப்பையை இழுப்பது ஒருபோதும் மனிதப் பங்காக இருந்ததில்லை. அது மாட்டின் வேலை, குதிரையின் வேலை. எந்த ஈரத்தில் உழுவது, எவ்வளவு ஆழம், எங்கே திருப்புவது, கல் தட்டினால் என்ன செய்வது, இவைதான் உழவரின் பங்கு. எனவே இழுக்கும் விசை எஞ்சினிலிருந்து வருகிறது என்பதாலேயே டிராக்டர் குற்றவாளி ஆகிவிடாது. குற்றம் இருந்தால் அது நுட்பமான வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884இல் பிறந்தவர். தந்தை பிளிமத் பிரதரன் என்னும் கடுமையான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மகன் அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். ஆனால் போதகரின் குணம் அவரை விட்டுப் போகவில்லை. மலிவான நல்ல டிராக்டர் உணவு விலையைக் குறைக்கும், உணவு விலை குறைந்தால் மற்ற விலைகளும் குறையும், வறுமை ஒழியும் என்று கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், அயர்லாந்தில் டிராக்டர்களின் பயன்பாட்டை மேம்படுத்தும் பணி அவரிடம் வந்தது. ஊர் ஊராகப் போனபோது அவர் கண்டது, கலப்பையும் டிராக்டரும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்ததை. பின்னால் சங்கிலியில் இழுபடும் கலப்பை கல்லில் மாட்டினால், பின் சக்கரம் தொடர்ந்து சுழல, வண்டியின் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மேலேயே கவிழும். ஃபோர்ட்சன் வண்டிகள் இதற்குக் கெட்ட பெயர் வாங்கியவை. ஃபெர்குசனின் விடை, கலப்பையையும் டிராக்டரையும் மூன்று புள்ளிகளில் இணைத்து ஒரே உடலாக்குவது. மண்ணில் இழுபடும் கலப்பை மேலே உள்ள டாப் லிங்க் வழியே வண்டியை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுவிசையை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து ஹைட்ராலிக் வால்வை அசைக்கும். இழுவை மிகுந்தால் கலப்பை சற்று உயரும், குறைந்தால் இறங்கும். மண்ணின் பாரம் பின் சக்கரங்களுக்கு மாறுவதால், ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடை கொண்ட வண்டி கனத்த வண்டியைப் போல மண்ணைப் பிடிக்கும். கல் தட்டினால் முன்பக்கம் கீழே அழுந்தும், பின் சக்கரம் பிடி விட்டு வெறுமனே சுழலும். எடையைக் கூட்டாமல் இணைப்பால் வலிமை பெறும் இந்த யோசனை, இருபதாம் நூற்றாண்டு எந்திரவியலின் மிகக் கௌரவமான யோசனைகளில் ஒன்று என்பது என் கருத்து. 1958 ஜனவரி 4 அன்று எட்மண்ட் ஹிலாரியின் குழு தென் துருவத்தை அடைந்தது சக்கரங்கள் மேல் பட்டை பூட்டிய இந்தக் குட்டி வண்டிகளில்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எவ்வளவு ஆழம் என்பது உழவரின் பங்கு என்றோம். ஃபெர்குசனின் அமைப்பு அதையே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது அல்லவா? குமாரசாமியின் அளவுகோலைக் கடுமையாகப் பிடித்தால், டி.இ.20 வண்டியில் எல்லோரும் புகழும் அந்த ஒரே அம்சம்தான் கருவியை இயந்திரமாக்குகிறது என்று சொல்ல வேண்டிவரும். இது மேலோட்டமான ஆட்சேபம் இல்லை. ஆனால் வயலில் நடப்பதைப் பார்த்தால் இது நிற்காது. அந்த அமைப்பு காப்பது ஆழத்தை அல்ல, இழுவையை. ஒரே வயலில் ஒரு மூலை களிமண், இன்னொரு மூலை மணற்பாங்கு என்றால், களிமண்ணில் கலப்பை தானாக மேலே வந்துவிடும், மணலில் கீழே இறங்கிவிடும். ஒரே ஆழம் வேண்டுமென்றால் ஓட்டுகிறவர் மண்ணை அறிந்து கையிலுள்ள லீவரை ஓயாமல் திருத்த வேண்டும். வண்டி தன் மொழியில் ஏதோ சொல்கிறது, அதற்குப் பதில் சொல்வது உழவர்தான். 1947இல் வந்த 8என் இதோடு இன்னொன்றையும் சேர்த்தது: கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் கட்டுப்பாடு. டி.இ.20இல் அது இல்லை, அதனால் புல் வெட்டும் கருவியை ஒரே உயரத்தில் பிடித்துவைக்கச் சங்கிலியோ கம்பியோ கட்டிக்கொள்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தை வெட்டிச் சீர்செய்வதுதான் முதன்மை வேலை என்றால் இந்த வேறுபாடு இரண்டு மூன்று குதிரைத் திறனைவிடப் பெரியது. இந்த இரண்டு வண்டிகளும் பங்காளிகள் என்பதையும் சொல்ல வேண்டும். 1938இல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் காகிதம் எதுவும் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். அதிலிருந்து 1939இல் ஃபோர்டு 9என் பிறந்தது. ஃபோர்டின் பேரன் அந்தக் கைகுலுக்கலை முறித்து 8என் வண்டியை வெளியிட்டார். ஃபெர்குசன் வழக்குப் போட்டார், 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. நெஞ்சுரம் மிக்க வாக்குறுதிகூட வாரிசுகளைக் கட்டாது போலும்.

மனிதப் பங்கு என்ற அளவுகோலில் டி.இ.20, 8என் இரண்டையும் முந்துபவை சின்ன வண்டிகள்தான். ஃபார்மால் கப் சுமார் பத்து குதிரைத் திறன் உள்ளது. எஞ்சினை இடப்புறம் தள்ளி வைத்து, இருக்கையையும் ஸ்டியரிங்கையும் வலப்புறம் வைத்திருப்பார்கள். ஓட்டுபவர் குனிந்து பார்த்தால் தன் காலடியில் பயிர் வரிசை ஓடும். களை எடுக்கும் பற்கள் வண்டியின் வயிற்றுக்குக் கீழே, கண்ணுக்கு நேராக இருக்கும். அலிஸ்-சால்மர்ஸ் ‘ஜி’ இதையும் தாண்டியது: எஞ்சினையே பின்னால் கொண்டுபோய், முன்னால் வெறும் இரும்புச் சட்டத்தை விட்டது. அதே பத்து குதிரைத் திறன் அளவுதான். நாற்றிலிருந்து விரலளவு தள்ளிக் களை எடுக்கும் வேலைக்கு இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள் காய்கறி விவசாயிகள். பின்னாலுள்ள பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. இந்த வண்டிகளில் கண், கை, பயிர் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. குமாரசாமியின் தறியும் நெசவாளர் விரலும் போல என்று சொன்னால் மிகை ஆகாது. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டிய 8என் இந்த வேலையில் இவற்றின் அருகேகூட வர முடியாது. இருபத்தைந்து குதிரைத் திறன் பத்து குதிரைத் திறனிடம் தோற்கும் இடம் இது.

இரண்டாவது அளவுகோல், பொறுப்பேற்க முடிவது. தனக்குச் சொந்தமான பொருள் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, எப்படி நிறுத்துவது என்று தெரியாதவர் அதற்கு முதலாளி ஆனாரே தவிர உடையவர் ஆகவில்லை. 8என் வண்டியின் எஞ்சின் பக்க வால்வு அமைப்பு கொண்டது. மின்சுற்று ஆறு வோல்ட். கார்புரேட்டரையும் பாயிண்ட் செட்டையும் சாதாரணக் கைக்கருவிகளால் கழற்றிப் பூட்டலாம். டி.இ.20 வண்டியில் கியர் லீவரைத்தான் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டும்; ஆகவே கியரில் கிடக்கும் வண்டி திடுக்கென்று ஓடிவிடாது. எளிமையும் அக்கறையும் சேர்ந்த இத்தகைய ஏற்பாடு, படித்துப் பார்க்கும் எவருக்கும் தன் காரணத்தைச் சொல்லிவிடும். இதற்கு நேர் எதிர்முனையில் இன்றைய பெரிய டிராக்டர்கள். அவற்றின் மென்பொருள் பூட்டுகளால் உழவர் தம் வண்டியைத் தாமே பழுதுபார்க்க முடியாத நிலை அமெரிக்காவில் அரசியல் பிரச்சினையாகவே ஆயிற்று. கொலராடோ மாநிலம் 2023இல் விவசாயக் கருவிகளுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் ஜான் டீர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கென்டக்கியின் உழவரும் கிறிஸ்தவச் சிந்தனையாளருமான வெண்டெல் பெர்ரி 1987இல் ஒரு கட்டுரையில், புதிய கருவியை ஏற்பதற்குத் தமது நிபந்தனைகளை அடுக்கினார். இருந்ததைவிட விலை குறைவாக இருக்க வேண்டும், சாதாரண அறிவுள்ளவர் பழுதுபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், குடும்ப உறவுகளும் ஊர் உறவுகளும் உட்பட ஏற்கெனவே உள்ள நல்லதைக் கெடுக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. கணினியை மனத்தில் வைத்து எழுதியது. டிராக்டருக்கு அதைவிட நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் இதே அளவுகோல் பழைய வண்டிகளையும் கூண்டில் ஏற்றும், ஏற்றவும் வேண்டும். 8என், டி.இ.20 இரண்டிலும், பூட்டிய கருவிக்கு எஞ்சின் விசையைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு கிளட்சுக்குப் பின்னால்தான் சுழலும். சுழல்கத்தி பூட்டிப் புல் வெட்டிக்கொண்டு போகும்போது வேலி வந்துவிட்டது, கிளட்சை மிதிக்கிறீர்கள். எஞ்சின் விடுபட்டது. வண்டி நிற்காது! வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் கத்தியின் உந்தம் தண்டு வழியே கியர்ப்பெட்டிக்கு வந்து சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். ஓட்டுநர் நிறுத்தச் சொன்ன பிறகும் ஓடும் கருவிக்கு ஓட்டுநர் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? இதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு: ஒரு பக்கம் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன் கப்ளிங். அதை மாட்டாமல் இந்த வண்டிகளில் புல் வெட்டக் கூடாது. அதோடு 8என் முதல் கியரில்கூட மணிக்கு மூன்று மைலை ஒட்டி ஓடும். ரோட்டாவேட்டருக்கு அது அதிவேகம். கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தும்போதும் பி.டி.ஓ. விடாமல் சுழல வேண்டுமென்றால் இரு கட்ட கிளட்ச் வேண்டும். அது 1956இல் வந்த ஃபெர்குசன் 35 வண்டியின் உயர்வகையில்தான் கிடைத்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் 1035 என்று செய்துவந்த வண்டி இதன் நேர் வாரிசு. தமிழ்நாட்டு வயல்களில் சிவப்பு நிறத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வம்சம் அந்நியம் இல்லை.

இனி மிகக் கனமான ஆட்சேபம். பழைய டிராக்டர் மனிதரைக் கொல்லும். டிராக்டர் கவிழ்வது அமெரிக்கப் பண்ணைச் சாவுகளுக்கு நெடுங்காலமாக முதன்மைக் காரணம். முதலில் சொன்ன நான்கு வண்டிகளும், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உருள்தடுப்பு இரும்புச் சட்டம் இல்லாமல் ஆலையை விட்டு வந்தவை. ஸ்வீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்கு அந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் அங்கே கவிழ்ந்து சாவது ஏறக்குறைய ஒழிந்தே போயிற்று. ஃபெர்குசனின் டாப் லிங்க் பின்னோக்கிக் கவிழ்வதைத்தான் தடுத்தது, சரிவில் பக்கவாட்டில் உருள்வதைத் தடுக்கவில்லை. அவரது இணைப்பில் பூட்டாமல் அச்சுக்கு மேலே எங்கோ சங்கிலி கட்டி மரக்கட்டையை இழுத்தால் பழைய ஆபத்து அப்படியே திரும்பிவிடும். இந்த ஆட்சேபத்துக்கு ஏக்கத்தை விடையாகச் சொல்லுவது அயோக்கியத்தனம். எளிமையின் அழகைப் பேசிவிட்டு மரணத்தின் எளிமையைப் பேசாமல் விடுகிற எழுத்தை ஆங்கில விவசாய ஏடுகளில் நிறையப் பார்க்கலாம். பொறுப்பேற்க முடிவதுதான் அளவுகோல் என்றால், குடும்பத்தில் ஒருவரை இழக்கும் ஆபத்தைத் தெரிந்தே ஏற்பதற்கு எந்த உடைமை உணர்வும் ஈடாகாது. ஆகவே என் வாதம் தன்னைத்தானே ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்படுத்திக்கொள்கிறது: பல பழைய வகைகளுக்கு உருள்தடுப்புச் சட்டமும் இடுப்புவாரும் பின்னாளில் பொருத்தக் கிடைக்கின்றன, பொருத்தலாம். பொருத்த வழியில்லாத வண்டி சமதளத்தை விட்டு நகரக் கூடாது. அப்படிச் செய்தால் வண்டியின் பழமைத் தூய்மை கெட்டுவிடும் என்று வருந்துகிறவர் கருவியை அல்ல, சிலையை வாங்கியிருக்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் வரலாற்றிலிருந்து வருகிறது. இந்தச் ‘சிறிய’ கருவிகள் பெரிய ஆலைகளின் பிள்ளைகள். டி.இ.20 பிறந்த பேனர் லேன் ஆலை இரண்டாம் உலகப் போரில் விமான எஞ்சின் செய்யக் கட்டியது. லட்சக்கணக்கில் வந்த இந்த வண்டிகள்தான் பிரிட்டிஷ் வயல்களிலிருந்து குதிரைகளையும், குதிரையோடு வாழ்ந்த உழவுத் தொழிலாளர்களையும் வெளியேற்றின. இன்று நாம் மனித அளவு என்று கொண்டாடும் அதே வண்டி அன்றைக்குப் பெரும் இயந்திரம். 1924இல் டெல்லியில் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் காந்தியிடம் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விதிவிலக்கு அளிப்பதாகக் காந்தி சொன்னபோது, அதைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று மடக்கினார். அத்தகைய ஆலைகள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பது காந்தியின் பதில். (பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை மனைவி சௌந்தரத்தோடு நிறுவியவர் அந்த மாணவர்.) காந்தியின் பதில் எனக்குப் பாதிதான் திருப்தி தருகிறது. டிராக்டரின் வரலாறு வேறொரு பதிலைத் தருகிறது. ஒரு வண்டி லட்சக்கணக்கில் உருவாகி, நீண்ட காலம் ஓடி, காப்புரிமைகள் காலாவதியாகி, பழுதுபார்க்கும் நூல் எல்லார் வீட்டிலும் கிடந்து, உதிரிபாகத்தை எந்தப் பட்டறையும் செய்யலாம் என்றாகிவிட்டால், அது பெரிய ஆலையிலிருந்து விடுபட்டுப் பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. 8என் இன்று ஃபோர்டு நிறுவனத்தைச் சார்ந்திருக்கவில்லை. அந்த வண்டியைப் பற்றிய அறிவு ஊருக்குப் பொதுவாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, பழமைக்கு இங்கே எந்தப் புனிதமும் இல்லை. பழமை அந்த விடுதலைக்கு வந்து சேர்ந்த ஒரு வழி, அவ்வளவுதான். நாளை ஒரு நிறுவனம் வரைபடங்களை வெளியிட்டு, மென்பொருள் பூட்டு இல்லாமல் புது வண்டி செய்தால், என் அளவுகோலில் அது எந்த 8என் வண்டிக்கும் மேல். வெளியேற்றப்பட்ட தொழிலாளருக்கோ இந்த விடை எந்த நியாயமும் செய்யவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. விலை குறைந்தால் எல்லாருக்கும் நன்மை என்ற ஃபெர்குசனின் போதனை அதை அடைக்கவில்லை.

அளவே முக்கியம் என்றால் ஏன் டிராக்டரோடு நிற்க வேண்டும், குதிரைக்கும் மண்வெட்டிக்கும் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். போகிறவர்கள் போகட்டும். ஆனால் மனிதப் பங்கைக் காப்பது என்பது உடல் நோவைக் காப்பது ஆகாது. உணவு உடலை வளர்ப்பதுபோல வேலை மனிதரின் உயர்ந்த ஆற்றல்களை வளர்க்க வேண்டும் என்பதுதான் குமரப்பாவின் கருத்து. முதுகை ஒடிக்கும் வேலை எதையும் வளர்ப்பதில்லை. குதிரைக்குத் தீவனமும் மேய்ச்சலும் நாள் தவறாத பராமரிப்பும் வேண்டும். ஐந்து ஏக்கரில் இரண்டை அதுவே கேட்கும். வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே ஓடி, மற்ற நேரம் எதுவும் கேட்காமல் கொட்டகையில் கிடக்கும் கருவி அந்த நிலத்துக்குப் பொருத்தமானது. பழைய எஞ்சின் புகை கக்குகிறது, எரிபொருளை வீணாக்குகிறது என்பதும் உண்மையே. நாள் முழுதும் ஓடும் பண்ணையில் அது தீர்ப்பை மாற்றிவிடும். ஆண்டுக்கு அறுபது எழுபது மணி ஓடும் இடத்தில் மாற்றாது. இவையெல்லாம் வசதி படைத்தவரின் வார இறுதிப் பொழுதுபோக்கு என்ற ஏளனத்தில் ஓரளவு நியாயம் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு உழுகிறவருக்குத் தேர்வு செய்யும் சுதந்திரம் குறைவு. சந்தை அவரைத் தள்ளும். அதனாலேயே, சுதந்திரம் உள்ளவர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கேட்பது நியாயமாகிறது.

அப்படியானால் எதை வாங்கலாம்? சமதளத்தில் ஓரிரு ஏக்கர் காய்கறி என்றால் ஃபார்மால் கப். ‘ஜி’ அதைவிட நுட்பமானது, ஆனால் சுமார் முப்பதாயிரம் மட்டுமே உருவானதால் விலையும் உதிரிபாகத் தேடலும் கூடுதல். கப் வண்டிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்தன. மேய்ச்சலும் உழவும் கலந்த ஐந்து முதல் பதினைந்து ஏக்கருக்கு, அமெரிக்காவில் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுக்கு மாறிய 1950க்குப் பிந்தைய 8என், பிரிட்டனில் என்றால் டி.இ.20, இரண்டிலும் ஓவர்ரன் கப்ளிங் கட்டாயம். ரோட்டாவேட்டர் ஓட்ட வேண்டுமானால் இரண்டையும் விட்டுவிட்டு 35 வகைக்குப் போங்கள். முன்பக்கத்தில் அள்ளும் வாளி மாட்டி எருவும் மண்ணும் சுமப்பதுதான் முக்கிய வேலை என்றால் பழைய வண்டியே வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லாத, முன் அச்சு மெலிந்த வண்டியை அதற்கு வாங்குவது தண்டனை. நாற்சக்கர உந்தும் உருள்தடுப்புச் சட்டமும் கொண்ட இருபத்தைந்து குதிரைத் திறனுக்கு உட்பட்ட புதுக் குட்டி டிராக்டரே அங்கே நேர்மையான தேர்வு. நிலம் சரிவாக இருந்து, பார்த்து வைத்திருக்கும் வண்டிக்குச் சட்டம் பொருத்த வழி இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.